பிரேசிலின் சம்பத்து யாருடையது?

1500-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ந் தேதி லிஸ்பன் துறைமுகத்திலிருந்து பதின்மூன்று கப்பல்கள் பாய் விரித்துப் புறப்பட்டன. அவற்றின் தலைவன் பெட்ரோ ஆல்வரெஸ் கப்ரால். அவன் நாடிச் சென்ற இடம் கள்ளிக்கோட்டை. விரும்பிய பொருள் மலையாளக் கரையின் மிளகு. ஆப்பிரிக்கக் கரையை விட்டு மேற்கே வெகுதூரம் ஒதுங்கிச் சென்ற அக்கப்பல்கள் ஏப்ரல் 22-ந் தேதி ஒரு புதுக் கரையைக் கண்டன. அங்கே சுமார் பத்து நாள் தங்கி, சிலுவை ஒன்றை நாட்டி, இந்நிலம் போர்ச்சுகல் அரசனுடையது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கிழக்கே திரும்பினர். செப்டம்பரில் கள்ளிக்கோட்டை வந்து சேர்ந்தனர். டிசம்பரில் அங்கே கலகம் விளைந்தபோது, துறைமுகத்தில் நின்ற அராபியர் கப்பல்களைக் கைப்பற்றிக் கொளுத்தி, நகரத்தின்மேல் பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்துவிட்டுக் கொச்சிக்குப் போயினர்.

ஒரே பிரயாணத்தில் ஒரு தேசத்தில் சிலுவையும் மற்றொரு தேசத்தில் குண்டும்! அன்று சிலுவை நாட்டப்பெற்ற நிலமே இன்று பிரேசில் என வழங்கும் பெருந்தேசமாகும். நீர்வளம், நிலவளம், வனவளம், கனிவளம் ஆகிய நான்கிலும் அதற்கு ஈடான தேசங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும் அத்தேசத்து ஜனங்களில் பெரும்பாலோர் நூற்றாண்டுக் கணக்காகத் தரித்திரத்தில் உழன்றது ஏன்? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டே அத்தேசத்தின் வரலாற்றை நமது நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம்மவர்க்குப் பிரேசில் என்றால் காபியும் கால்பந்தாட்டமுமே நினைவுக்கு வரும். ஆனால் அத்தேசம் நமது சமையலறைக்குள் புகுந்து பல தலைமுறைகளாகின்றன. பண்ணுருட்டியின் முந்திரி பிரேசில் கடற்கரையிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்த மரம். சேலத்து ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளியும் தென்னமெரிக்கப் பயிரே; அந்நாட்டுப் பூர்வகுடிகள் அதன் விஷச் சாற்றைப் பிழிந்து நீக்கி மாவாக்கும் வித்தையைப் பறங்கியர் வருமுன்பே கண்டிருந்தனர். விசேஷ நாளில் ஜவ்வரிசிப் பாயசத்தில் முந்திரிப்பருப்பை வறுத்துப் போடும் நமது இல்லத்தரசிகள் பிரேசிலின் இரண்டு பொருள்களை ஒரே பாத்திரத்தில் கூட்டுகின்றனர்.

தேசத்தின் பெயருங்கூட ஒருவிதத்தில் நமது திசையிலிருந்து போனதே. நமது மலைச்சரிவுகளில் வளரும் சப்பங்கி மரத்தின் செஞ்சாயத்தை ஐரோப்பியர் நெடுங்காலமாக வாங்கிவந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிரேசில் என்பது. அதே இனத்து மரம் புதுக் கரையில் காடு காடாக நிற்கக் கண்டதும், மரத்தின் பெயரையே நிலத்துக்கும் வைத்தனர். ஒரு தேசத்துக்கு அதிலிருந்து வெட்டி விற்கப்பட்ட சரக்கின் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் இது நல்ல முகவுரையாகும்.

இனி விஸ்தீரணத்தைப் பார்ப்போம். பிரேசில் ஏறக்குறைய 85 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. உலகத்தில் ஐந்தாவது பெரிய தேசம். நமது இந்தியாவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். தென்னமெரிக்காவில் சிலி, ஈக்வடார் என்னும் இரண்டு தேசங்கள் நீங்கலாக மற்றெல்லா நாடுகளுடனும் அதற்கு எல்லையுண்டு. அதன் கடற்கரை ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. இவ்வளவு பெரிய நிலத்தில் 2022-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி வசிப்பவர் 20 கோடியே 31 லட்சம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய பட்டணங்களிலேயே நெருங்கி வாழ்கின்றனர்.

அமேஸான் நதியைப் பற்றிச் சொல்லாமல் பிரேசிலைப் பற்றிச் சொல்ல இயலாது. உலகத்து நதிகளெல்லாம் சேர்ந்து கடலில் கொண்டுபோய்க் கொட்டும் நீரில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு நதியே கொட்டுகிறது. நதிமுகத்திலுள்ள மராஜோ என்னும் தீவு ஏறக்குறையக் கேரளத்தளவு பரப்புள்ளது. கடலிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் உள்ளே, காட்டின் நடுவே இருக்கும் மானௌஸ் நகரத்துக்குச் சமுத்திரக் கப்பல்கள் நேரே போகின்றன. அந்நகரத்தருகே காப்பித் தண்ணீர் நிறமான நீக்ரோ ஆறும், மண் கரைந்து கலங்கிய மற்றோர் ஆறும் கலந்தும் கலவாமலும் பல கிலோமீட்டர் தூரம் பக்கம் பக்கமாகவே ஓடும் காட்சியைக் காணப் பல தேசத்தாரும் வருகின்றனர்.

ஆனால் பிரேசில் முழுவதும் நீர் நிறைந்த நாடென்று எண்ணிவிடலாகாது. வடகிழக்கே ஸெர்ட்டாவ் என்னும் வறண்ட பிரதேசம் உண்டு. முட்செடிகளும் கள்ளிகளும் நிறைந்து, மழை பொய்த்தால் மனிதரையும் மாட்டையும் ஒருசேர விரட்டும் பூமி. மத்தியில் செர்ராடோ என்னும் மேட்டுப் புல்வெளி தேசத்தின் பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அடைத்துக் கிடக்கிறது. 1960-ஆம் வருஷம் கடற்கரையிலிருந்த ரியோ டி ஜெனிரோவை விட்டு ராஜதானியை இம்மேட்டு நிலத்துக்குக் கொண்டுவந்து பிரேசிலியா என்ற புது நகரத்தைத் திறந்து வைத்தனர். நான்கு வருஷத்துக்குள் கட்டி முடித்த நகரம் அது. திறப்பு விழாவுக்குக் குறித்த நாள் ஏப்ரல் 21. அந்நாளின் விசேஷத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

ஜனங்களின் சங்கதி நிலத்தைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது. 2022-ஆம் வருஷத்துக் கணக்கில் தம்மைக் கலப்பினத்தார் என்று எழுதிக்கொண்டோர் நூற்றுக்கு 45 பேர். வெள்ளையர் என்றோர் 43 பேருக்குச் சற்று அதிகம். கறுப்பர் என்றோர் 10 பேர். பூர்வகுடிகள் சுமார் 17 லட்சம். 1908-இல் முதற்கப்பலில் வந்திறங்கிய ஜப்பானியரின் சந்ததியார் இன்று ஜப்பானுக்கு வெளியே வேறெங்கும் இல்லாத தொகையில் அங்கே வாழ்கின்றனர். இத்தனை இனத்தாரும் பேசுவது போர்ச்சுகீசிய பாஷை. அதைத் தாய்மொழியாகக் கொண்டோரில் மிகப் பெரும்பாலோர் போர்ச்சுகலில் இல்லை, பிரேசிலிலேயே இருக்கிறார்கள்.

கறுப்பர் அங்கே எவ்வாறு வந்தனர்? கரும்புக்காக வந்தனர்; தாமாக வரவில்லை, விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். வடகிழக்குக் கடற்கரையில் போர்ச்சுகீசியர் கரும்பாலைகள் வைத்த காலந்தொட்டு, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசில் கரையில் உயிரோடு இறக்கப்பட்டோர் சுமார் 48 லட்சம் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். அடிமை வியாபாரத்துக்குப் பேர்போன ஐக்கிய அமெரிக்க நாட்டுக்கு நேரே கொண்டுவரப்பட்டோர் நான்கு லட்சத்துக்கும் குறைவு என்பதோடு இதை ஒப்பிடுக. ஓடித் தப்பிய அடிமைகள் காட்டில் பால்மாரெஸ் என்னும் குடியேற்றத்தை அமைத்து, 17-ஆம் நூற்றாண்டில் பல பதிற்றாண்டுகள் பறங்கிப் படைகளை எதிர்த்து நின்றனர். அதன் கடைசித் தலைவன் ஸும்பி கொல்லப்பட்டது 1695, நவம்பர் 20. அந்நாள் தேசமெங்கும் பொது விடுமுறையாகக் கொண்டாடப்படத் தொடங்கியது 2024-ஆம் வருஷத்தில்தான்!

கரும்புக்குப் பின் பொன். 1690-களில் மினாஸ் ஜெராயிஸ் மலைப்பிரதேசத்தில் தங்கம் அகப்பட்டது. தோண்டிய பொன்னில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்பது சட்டம். அரசனுக்குப் போன பொன்னாவது போர்ச்சுகலில் தங்கிற்றா என்றால், இல்லை. 1703-இல் இங்கிலாந்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் துணி போர்ச்சுகலில் தாராளமாக விற்றது. அத்துணிக்கு விலையாகப் பிரேசில் பொன் லண்டனுக்குப் போயிற்று. தோண்டினவன் ஆப்பிரிக்கன், நிலம் பிரேசிலுடையது, கொடி போர்ச்சுகலுடையது, பொன்னோ இங்கிலாந்தினுடையது.

இதனினும் கொடியது 1785-ஆம் வருஷத்து ராஜகட்டளை. பிரேசிலில் நெசவு ஆலைகளெல்லாம் மூடப்படவேண்டும். அடிமைகள் உடுத்தவும் மூட்டை கட்டவும் ஆன முரட்டுத் துணியைத் தவிர வேறெதையும் அங்கே நெய்யலாகாது என்பது அக்கட்டளை. நமது நெசவாளர் அடைந்த கதியை அறிந்த நேயர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. 1808-ஆம் வருஷம் வரையில் அச்சுக்கூடமும் அங்கே கூடாது. நெப்போலியனுக்கு அஞ்சிய போர்ச்சுகல் ராஜகுடும்பம் கப்பலேறி ரியோவுக்கு ஓடி வந்த பிறகு, தங்கள் உத்தரவுகளை அச்சிடுவதற்கு வேண்டியிருந்ததால், அரசாங்க அச்சுக்கூடம் ஒன்று ஏற்பட்டது. முந்நூறு வருஷம் ஒரு தேசம் பத்திரிகை என்பதையே காணாமல் இருந்தது.

பொன்வரியின் கொடுமை பொறாமல் 1789-இல் மினாஸ் பிரதேசத்தில் சிலர் சுதந்திரத்துக்காக ரகசியமாகக் கூடினர். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டனர். செல்வமும் கல்வியும் செல்வாக்கும் உள்ளோருக்குத் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. படையில் கீழ் உத்தியோகஸ்தனாகவும், பல் பிடுங்கும் தொழில் அறிந்தவனாகவும் இருந்த ஒருவன் மட்டும் 1792, ஏப்ரல் 21-ந் தேதி ரியோவில் தூக்கிலிடப்பட்டான். பல் பிடுங்குபவன் என்று பொருள்படும் டிராடெண்டெஸ் என்ற பெயராலேயே அவன் இன்று போற்றப்படுகிறான். பிரேசிலியாவின் திறப்பு விழா அந்நாளில் நடந்ததன் காரணம் இதுவே.

1822, செப்டம்பர் 7-ந் தேதி பிரேசில் சுதந்திரம் பெற்றது. பெற்ற விதம் விசித்திரமானது. சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தவன் போர்ச்சுகல் அரசனுடைய சொந்த மகனான பெட்ரோ, அவனே சக்கரவர்த்தியுமானான். போர்ச்சுகல் அதை அங்கீகரிப்பதற்காக 1825-இல் இருபது லட்சம் பவுன் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அத்தொகைக்காகப் பிரேசில் கடன் வாங்கிய இடம் லண்டன். முந்நூறு வருஷம் தன்னைச் சுரண்டியவனுக்குத் தானே ஈடு கொடுத்து, அதற்கும் மூன்றாமவனிடம் கடன்பட்டுச் சுதந்திர வாழ்வைத் தொடங்கியது அத்தேசம்.

நாம் வழக்கறிஞர் தொழிலில் பழகியவராதலால் 1850, 1888 என்னும் இரண்டு வருஷங்களின் சட்டங்களைச் சற்று நின்று கவனிக்கிறோம். 1850 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அடிமைகளைக் கடல் கடந்து கொண்டுவருவது தடுக்கப்பட்டது. அதே மாதத்தில் மற்றொரு சட்டமும் பிறந்தது. இனிச் சர்க்கார் தரிசு நிலத்தை விலை கொடுத்தாலன்றி ஒருவரும் அடையலாகாது, குடியேறிப் பயிர் செய்வதனால் மாத்திரம் உரிமை பிறவாது என்றது அது. அடிமை முறை என்றாவது ஒழியும் என்பதை உணர்ந்த நிலச்சுவான்தார்கள், ஒழிந்த பின் அவ்வேழைகள் சொந்த நிலம் தேடிப் போகாதபடி முன்னதாகவே வாசலை அடைத்துக்கொண்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. பின்பு 1888, மே 13-ந் தேதி அடிமை முறை ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக அதை ஒழித்த தேசம் பிரேசிலே. அந்தச் சட்டத்தில் இருப்பவை இரண்டே ஷரத்துக்கள். அடிமை முறை ஒழிந்தது என்பது ஒன்று. இதற்கு மாறான சட்டங்கள் ரத்து என்பது மற்றொன்று. அன்று ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் விடுதலை பெற்றனர். நிலமோ, கூலியோ, பள்ளிக்கூடமோ அவர்களுக்கு என்று கூறும் மூன்றாம் ஷரத்து ஒன்று எழுதப்படவில்லை. பிரேசிலின் பிற்காலத் துன்பங்களில் பாதிக்கு மேல் அந்த எழுதப்படாத ஷரத்தில் அடங்கும்.

பொன்னுக்குப் பின் காபி. 18-ஆம் நூற்றாண்டில் அண்டை நாட்டிலிருந்து வந்த காபிச்செடி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகக் காபியில் பாதிக்கு மேல் பிரேசிலினுடையது என்னுமளவு பெருகிற்று. 1929-இல் உலகச் சந்தை சரிந்தபோது விலையும் சரிந்தது. விலையைத் தாங்கும் பொருட்டு 1931 முதல் 1944 வரையில் பிரேசில் சர்க்கார் எரித்தும் கடலில் கொட்டியும் அழித்த காபி, 60 கிலோ மூட்டையாக 7 கோடி 80 லட்சம் மூட்டைகள்! ரயில் எஞ்சின்களில் நிலக்கரிக்குப் பதிலாகவும் காபிக்கொட்டை எரிந்தது. காலையில் ஒரு வாய்க் காபி இல்லாவிட்டால் வேலை ஓடாத நம்மவர் இதைப் படித்துப் பெருமூச்சு விடக்கூடும்.

ரப்பரின் கதை நமக்கு மிகவும் அணுக்கமானது; ஆகையால் சற்று விரித்தே சொல்லுவோம். 1876–78-ஆம் வருஷங்களில் சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிற்று. அதே சமயத்தில், பசிபிக் சமுத்திரத்தில் ஏற்பட்ட அதே வெப்ப மாறுதலின் விளைவாக, பிரேசிலின் ஸெர்ட்டாவிலும் மழை பொய்த்துப் பஞ்சம் பரவி லட்சக்கணக்கானோர் மாண்டனர். தப்பிய ஸியாரா மாகாணத்து ஏழைகள் திரள் திரளாக அமேஸான் காட்டுக்குப் போய்ப் பால்மரம் சீவும் கூலிகளாயினர். காட்டில் தனித்தனியே சிதறி நிற்கும் மரங்களைத் தேடி நடந்து, பால் சேர்த்து, புகையில் உறையவைத்து உருண்டையாக்கிக் கொடுக்க வேண்டும். அரிசியும் கத்தியும் துப்பாக்கி மருந்தும் முதலாளியிடமே கடனுக்கு வாங்க வேண்டும். கணக்கு எழுதுகிறவன் முதலாளி. கடன் எக்காலத்தும் தீராது. இந்தக் கடனின்மேல் எழுந்ததுதான் மானௌஸ் நகரத்தின் வைபவம். மின்சார விளக்கென்ன, டிராம் வண்டியென்ன, இத்தாலிச் சலவைக்கல்லால் இழைத்து 1896-இல் திறந்த நாடக மாளிகையென்ன!

தாது வருஷமாகிய அதே 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயன் அமேஸான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனான். முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம். அக்கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கும், 1877-இல் இருபத்திரண்டு சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. பிரேசிலியர் இதைத் திருட்டு என்பர். விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அக்காலத்தில் அங்கே இல்லையாதலால் சட்டப்படி திருட்டன்று. தர்மப்படி என்னவென்பதை வேறொரு நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். இங்கிலாந்து அவனுக்கு 1920-இல் ‘ஸர்’ பட்டம் அளித்தது.

அவ்விதையின் சந்ததிகள் மலேயாவில் தோட்டம் தோட்டமாக வளர்ந்தன. அம்மரங்களைச் சீவியவர் யார்? பஞ்சத்துக்கும் பண்ணைக் கொடுமைக்கும் அஞ்சி, கங்காணிமாரின் வார்த்தையை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நமது தமிழ் மக்களே. 1913-ஐ ஒட்டித் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது, விலை விழுந்தது, மானௌஸின் விளக்குகள் மங்கின. ஒரே பஞ்சம் ஸியாரா ஏழையை ஒரு காட்டுக்கும் தமிழ் ஏழையை வேறொரு தோட்டத்துக்கும் துரத்தி, ஒருவர்க்கொருவர் தெரியாமலே ஒருவர் கூலியை மற்றவர் கூலியால் குறைக்கும்படி வைத்தது. லாபம் பெற்றவன் இருவரும் கண்ணால் காணாத மூன்றாமவன்.

கதை இதோடு முடியவில்லை. அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேஸானிலேயே தோட்டம் வைத்துப் பார்த்தார். தாய்நாட்டிலேயே அம்மரத்துக்கு ஓர் இலைநோய் உண்டு. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் அது பரவாது. தோட்டத்தில் நெருக்கி நட்டதும் அடியோடு அழித்துவிட்டது. 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் சர்க்காருக்கே அற்ப விலைக்கு விட்டுப் போயினர். அதற்கு முன் 1942-இல் மலேயா ஜப்பானியர் வசமானதும், நேச நாடுகளுக்கு ரப்பர் வேண்டி, ஸியாரா முதலிய வறண்ட மாகாணங்களிலிருந்து 50,000-க்கு மேற்பட்டோர் ‘ரப்பர் போர்வீரர்’ என்ற பட்டத்துடன் மறுபடியும் காட்டுக்கு அனுப்பப்பட்டனர். காய்ச்சலில் மாண்டோர் பலர். உயிர் தப்பியோருக்கு உபகாரச் சம்பளம் உறுதியானது 1988-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தினால். அதாவது வாலிபர் கிழவரான பிறகு. அதே 1988 டிசம்பர் 22-ந் தேதி, காட்டை அழித்து மாட்டுப் பண்ணை வைப்போரை எதிர்த்துப் பால்மரத் தொழிலாளரைத் திரட்டிய சிக்கோ மெண்டிஸ் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். ரப்பரின் தாய்நாடு இன்று தன் தேவைக்கு ரப்பரை அயல்நாட்டிலிருந்து வாங்குகிறது.

நிற்க. பிரேசிலியர் இவற்றையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டனர் என்று சொல்வது நியாயமாகாது. மண்ணெண்ணெய்ச் சம்பத்து அந்நியக் கம்பெனிகளின் கைக்குப் போகலாகாதென்று மாணாக்கரும் படைவீரரும் தொழிலாளரும் ஒன்றுகூடிக் கிளர்ச்சி செய்ததன் பயனாக, 1953-இல் பெட்ரோப்ராஸ் என்னும் அரசாங்க எண்ணெய் ஸ்தாபனம் ஏற்பட்டது. அந்நாளில் அத்தேசத்தில் எண்ணெய் வளம் மிகச் சொற்பம் என்றே கருதப்பட்டது. ஆனால் ஆழ்கடலில் துளையிடும் வித்தையை அவ்ஸ்தாபனமே பழகி முன்னேறி, 2006-ஐ ஒட்டிக் கடலடி உப்புப்படுகைக்கும் கீழே பெரிய எண்ணெய்க் களங்களைக் கண்டது. 1975 முதல் கரும்புச் சாராயத்தில் மோட்டார் ஓட்டுகின்றனர். 1969-இல் தொடங்கிய எம்ப்ராயர் தொழிற்சாலையின் ஆகாய விமானங்களை உலகத்துக் கம்பெனிகள் விலைக்கு வாங்குகின்றன.

இவற்றுள் நாம் மிக உயர்வாக மதிப்பது 1973-இல் ஏற்படுத்திய எம்ப்ராபா என்னும் விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தை. செர்ராடோ மண் புளிப்பு மிகுந்தது. பயிருக்கு உதவாதென்று கைவிடப்பட்டது. சுண்ணாம்பிட்டு அப்புளிப்பை முறித்தனர். குளிர்நாட்டுப் பயிரான சோயா மொச்சையை உஷ்ண பூமிக்கு ஏற்ற ரகமாக மாற்றினர். செக் நாட்டில் பிறந்து பிரேசிலில் குடியேறிய ஜொஹன்னா டோபெரைனர் என்னும் பெண்மணி, ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஈட்டித்தரும் நுண்கிருமிகளை ஆராய்ந்து, அவற்றைக் கொண்டே சோயா விளைவிக்கலாமென்று வற்புறுத்தினார்; அதனால் மிச்சமான உரச்செலவுக்கு அளவில்லை. இன்று உலகத்துச் சோயாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரேசிலில் விளைகிறது. அந்நியன் வந்து தோண்டிக்கொண்டு போன சம்பத்தன்று இது. தன் புத்தியால் தன் மண்ணில் உண்டாக்கிக்கொண்டது.

மாட்டின் சங்கதி இன்னும் வேடிக்கை. 2023-ஆம் வருஷத்துக் கணக்கில் பிரேசிலின் மாடுகள் 23 கோடிக்கு மேல். மனிதரைக் காட்டிலும் மாடு அதிகம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நெலோர் என்னும் வெள்ளை இனமும் அதன் கலப்பும். நெலோர் என்பது வேறொன்றுமில்லை; பழைய சென்னை ராஜதானியின் நெல்லூர்தான்! ஓங்கோல், நெல்லூர்ப் பக்கத்துக் காளைகளையும் பசுக்களையும் 19-ஆம் நூற்றாண்டு முதல் 1962 வரையில் கப்பலேற்றிக் கொண்டுபோய், வம்சாவளி எழுதி, பொறுக்கிப் பெருக்கினர். 2023-இல் அவ்வினத்துப் பசு ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு ஏலம் போன விலையைக் கொண்டு கணக்கிட்டால் முழுப் பசுவின் விலை 40 லட்சம் டாலருக்கு மேலாகிறது. ஓங்கோல் பிரதேசத்திலோ அந்த ஜாதி மாடு அருகிவருகிறதே என்று கவலைப்படுகின்றனர். ரப்பர் விதையை இழந்த தேசம் மாட்டு விதையில் ஜயித்தது. நாம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

ஆயினும் பழைய வியாதி முற்றும் தீர்ந்துவிட்டதா? 2009 முதல் பிரேசிலின் பெரிய வியாபாரக் கூட்டாளி சீனா. சோயாவும் இரும்புத் தாதுவும் கச்சா எண்ணெயும் அங்கே போகின்றன. யந்திரங்களும் மின்சாரச் சாமான்களும் அங்கிருந்து வருகின்றன. சோயா பூர்வத்தில் சீனத்துப் பயிர் என்பது இதிலுள்ள விநோதம். சோயா விளையும் வயலுக்கு வேண்டிய உரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அயல்நாட்டுச் சரக்கு. கச்சா எண்ணெயை விற்கும் தேசம் டீசலில் ஒரு பகுதியை வெளியே வாங்குகிறது. லண்டன் இருந்த இடத்தில் வேறொரு பட்டணம் வந்திருக்கிறதேயன்றிச் சரக்கின் ஜாதி மாறவில்லை என்று பிரேசிலிலேயே பலர் சொல்லுகின்றனர். அவர்கள் வாதத்தை நாம் முழுவதும் ஏற்கவில்லை. எம்ப்ராபாவின் சோயா வேறு, அடிமை தோண்டிய பொன் வேறு. ஆனால் அவர்கள் கவலை காரணமற்றதன்று.

காட்டின் கணக்கும் கவலைக்கிடமே. அமேஸான் காட்டில் 2004-இல் ஒரே வருஷத்தில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. சர்க்கார் கண்டிப்பாயிருந்ததில் 2012-இல் ஐயாயிரத்துக்குள் அடங்கிற்று. கண்டிப்புத் தளர்ந்ததும் 2021-இல் பதின்மூவாயிரமாயிற்று. 2024-இல் மறுபடி ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிற்று. காடு தானாக அழிவதில்லை, அதிகாரத்திலிருப்போர் கண்ணை மூடும்போதே அழிகிறது என்பதற்கு இந்த நான்கு எண்களே சாட்சி. பசியின் கணக்கும் இப்படியே. உலகத்துக்கு உணவு விற்கும் அத்தேசத்தில் 2022-இல் 3 கோடி 30 லட்சம் பேர் பட்டினியில் வாடியதாக ஒரு பெரிய விசாரணை கண்டது. ஏழைக் குடும்பங்களுக்கு 2003 முதல் கொடுத்துவந்த உதவித்தொகையை மறுபடியும் பலப்படுத்திய பிறகு, 2025-இல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் நீக்கப்பட்டது. இரண்டிடத்திலும் நிலம் ஒன்றே, மழை ஒன்றே. மாறியது சர்க்காரின் மனம்.

மாறாதிருப்பது நிலவுடைமை. 1988-ஆம் வருஷத்து அரசியல் சட்டம், நிலத்துக்குச் சமூகக் கடமை உண்டென்றும், அக்கடமையைச் செய்யாத பெருநிலங்களைச் சர்க்கார் ஈடு கொடுத்து எடுத்துக் குடியானவருக்குப் பங்கிடலாமென்றும் விதிக்கிறது. நல்ல விதி, நமது அரசியல் சட்ட நிபுணரும் மெச்சத்தக்கது. ஆனால் 2017-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கின்படி, ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்று. பரப்பிலோ நூற்றுக்கு நாற்பத்தேழுக்கு மேல். 1850-இல் அடைத்த வாசல் இன்னும் முழுவதும் திறக்கவில்லை.

அவ்வாசலைத் தட்டுவோர் 1984 முதல் நிலமற்றோர் இயக்கம் என்ற பெயரால் ஒன்றுகூடியிருக்கின்றனர். பாரா மாகாணத்தில் காரஜாஸ் என்னும் மலை உலகத்தின் மிகப் பெரிய இரும்புத் தாதுக் களங்களில் ஒன்று. மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்கள் அத்தாதுவை இரவும் பகலும் கடற்கரைக்கு இழுத்துச் செல்கின்றன. அப்பிரதேசத்திலேயே, எல்டொராடோ டோஸ் காரஜாஸ் என்னும் ஊரின் பக்கத்து நெடுஞ்சாலையில், 1996, ஏப்ரல் 17-ந் தேதி, நிலம் கேட்டு ஊர்வலமாகச் சென்ற குடியானவர் மீது போலீசார் சுட்டதில் 19 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட போலீசார் விசாரணைக்குட்பட்டும், தலைமை வகித்த இரண்டு அதிகாரிகளே தண்டனையடைந்தனர். அவர்களும் சிறை புகுந்தது 2012-ஆம் வருஷத்தில். அவ்விடத்தில், காட்டை எரித்தபோது கருகி நின்ற பத்தொன்பது பெரிய கொட்டை மரங்களின் அடிமரங்களைக் கொண்டுவந்து குடியானவர் நிறுத்தி வைத்திருக்கின்றனர்.